பதினான்காவது டிஸ்க்

அந்தக் கட்டடத்தில் அவருடைய பெயரைக் கேட்டால் யாருக்கும் சட்டென்று வராது. 'காது' என்றால் வாசல் காவலாளி முதல் மேலாளர் வரை எல்லோரும் கை காட்டுவார்கள். மூன்றாவது மாடியில் இரண்டு கூடம் நிறைய சர்வர்கள். ஊரில் பாதிப்பேருடைய சம்பளச் சீட்டும் பள்ளிக்கூட மார்க்கும் எக்ஸ்ரே படமும் அங்கேதான் கிடக்கின்றன. உள்ளே போனால் விசிறிகளின் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவரின் வாய் அசைவது மட்டும்தான் தெரியும். எல்லோரும் காதை அடைத்துக்கொண்டு நுழைகிற இடத்தில் இவர் ஒரு பக்கத்து அடைப்பைப் பிடுங்கிவிட்டு, ஸ்க்ரூ டிரைவரின் முனையை ஒரு டிஸ்க்கின் மேல் வைத்து, பிடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்திக்கொண்டு கண்ணை மூடுவார். "இதுக்கு இன்னும் பத்து நாள்" என்பார். ஒன்பதாவது நாளோ பதினோராவது நாளோ அது போய்ச் சேரும்.

பதினேழு வயதில் ஒரு ரேடியோ ரிப்பேர் கடையில் உட்கார்ந்தவர். ரேடியோ போய் டேப் ரெக்கார்டர் வந்தது, அது போய் டிவி வந்தது, பிறகு கம்ப்யூட்டர். சாமான்கள் மாறினவே தவிர குனிந்த முதுகு நிமிரவில்லை. சுபாவத்தில் பயந்தவர். வீட்டைப் பூட்டினால் மூன்று முறை இழுத்துப் பார்ப்பார். தெருமுனை வரை போய்விட்டு, இழுத்துப் பார்த்தோமா என்று பார்க்கத் திரும்பி வருவார். "உங்க பயம்தான் நமக்குச் சோறு போடுது" என்பாள் மனைவி. அது கேலியா பாராட்டா என்று அவர் கேட்டதில்லை.

அவருக்கு இருந்தவள் ஒரே அக்கா. எட்டு வயது மூத்தவள். பஸ் டிப்போவில் நேரம் குறிக்கும் வேலை. எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பியது, எத்தனை மணிக்குத் திரும்பியது என்று முப்பத்திரண்டு வருஷம் ஜன்னலோரம் உட்கார்ந்து எழுதினாள். அந்த நாற்காலி கொடுத்த முதுகு வலிக்காக யாரோ சொன்னார்கள் என்று ஒரு தியான வகுப்புக்குப் போனாள். முதுகு வலிக்குப் போனவள் புத்தரோடு திரும்பி வந்தாள். முதுகு வலியும் கூடவே வந்தது.

"வலி போகலையா அக்கா?" என்று இவர் கேட்டார்.

"போகல. ஆனா இப்ப அது என்னோட வலி மாதிரி இல்ல. பக்கத்து வீட்டு டிவி மாதிரி இருக்கு."

அந்த மையத்தில் அவளுக்கு ஒரு கைச்சக்கரம் கொடுத்தார்கள். குச்சியின் மேல் ஒரு சின்ன உருளை. உருளைக்குள் மந்திரம் எழுதிய காகிதச் சுருள். உருளை ஒரு முறை சுற்றினால் உள்ளே இருக்கிற அத்தனை மந்திரத்தையும் ஒரு முறை சொன்னதாகக் கணக்கு. சமைக்கும்போதும் டிவி பார்க்கும்போதும் சுற்றிக்கொண்டிருப்பாள். பிறகு நோய் வந்து கை ஓய்ந்துபோனது. சக்கரத்தைத் தூக்கக்கூட முடியவில்லை. அப்போதுதான் மையத்துத் தோழி ஒருத்தி போனில் சொல்லியிருக்கிறாள்: இப்போதெல்லாம் மந்திரத்தை கம்ப்யூட்டர் டிஸ்க்கில் எழுதி வைக்கிறார்கள், டிஸ்க் சுற்றினால் அதுவும் சக்கரம்தான் என்று.

இவர் ஆஸ்பத்திரிக்குப் போன அன்று அக்கா தலையணையிலிருந்து தலையைத் தூக்கிக்கொண்டு கேட்டாள்.

"டேய், உன் மிஷின் ஒரு நிமிஷத்துக்கு எத்தனை சுத்து சுத்தும்?"

"ஏழாயிரத்து இருநூறு."

அவள் டிப்போக்காரி. உதடு அசைய மனக்கணக்கு போட்டாள். "ஒரு நாளைக்கு ஒரு கோடிக்கு மேல வருதேடா! நான் இத்தனை வருஷமா கைய ஒடிச்சுக்கிட்டு என்ன பண்ணினேன்?"

அவர் சிரித்தார். அதற்குப் பிறகு அவர் சிரித்ததாக அவருக்கே நினைவில்லை.

மந்திரம் ஆறே அசைகள் கொண்ட ஒரு வரி. அந்த ஒரு வரியைத் தன் போனிலேயே பதினோராயிரம் தடவைக்கு மேல் ஒவ்வொன்றாகத் தட்டி வைத்திருந்தாள். மூன்று மாத வேலை. "ஒண்ணை எழுதி காப்பி பண்ணியிருக்கலாமே" என்றதற்கு, "யாரும் பண்ணக் கூடாதுன்னு சொல்லல. எனக்கே ஒரு மாதிரி இருந்துச்சு" என்றாள். மொத்தமும் ஒரு புகைப்படத்தைவிடச் சின்ன ஃபைல்.

"நான் போன நாள்ல இருந்து நாப்பத்தொம்பது நாள் சுத்தணும். அதுவரைக்கும் நான் இங்கயும் இருக்க மாட்டேன், அங்கயும் போயிருக்க மாட்டேனாம். சுத்தறது நடுவுல நிக்கக் கூடாது. வேற எதுவும் உன்கிட்ட கேட்கல."

அவர் அந்த ஃபைலைக் கொண்டுபோய் இரண்டாவது கூடத்தில், பழைய ரேக்கில், பதினான்காவது டிஸ்க்கில் வைத்தார். அதைத் தேர்ந்தெடுத்ததிலும் அவருடைய பயம் இருந்தது. அந்த ரேக்கைக் கழிக்கப் போகிறார்கள் என்று முன்பே காலி செய்துவிட்டார்கள். மற்ற ரேக்குகளில் ஆயிரம் பேர் கை வைப்பார்கள், யாராவது அழித்துவிடுவார்கள். இதை யாரும் தொடமாட்டார்கள்.

ஒரு வாரத்தில் அக்கா போய்விட்டாள். ஒரு வெள்ளிக்கிழமை.

அழுகை வரும் என்று அவர் எதிர்பார்த்திருந்தார். வரவில்லை. வந்தவர்களுக்கு நாற்காலி போட்டார், போனவர்களுக்கு வண்டி பிடித்துக் கொடுத்தார். நான்காம் நாள் வேலைக்குப் போனார். கூடத்துக்குள் நுழைந்தவர் இரண்டு காதையும் அடைத்துக்கொண்டார். ஒரு பக்கத்தைப் பிடுங்கவேண்டும் என்று தோன்றவில்லை. ஸ்க்ரூ டிரைவர் மேஜை இழுப்பறையில் கிடந்தது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அவரும் ஒன்றும் நினைக்கவில்லை. சாப்பாட்டு நேரம் வந்தால் சாப்பிட்டார்.

அக்காவின் கணவர், அத்தான், அதே ஊரில் இரண்டு பஸ் தள்ளி இருக்கிறார். மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவர். அக்காவின் புத்தரையும் சக்கரத்தையும் ஒருநாளும் ஏற்றுக்கொண்டவரில்லை. "வீட்ல ஒரு மின்விசிறி, ஒரு பொண்டாட்டி, ரெண்டும் சுத்திக்கிட்டே இருக்கு" என்று எல்லோரிடமும் சொல்லித் திரிந்தவர். ஆனால் அவள் போன மூன்றாம் நாள் காலை சரியாக ஏழு மணிக்கு அவரிடமிருந்து போனில் ஒரு செய்தி வந்தது.

"சுத்துதா?"

இவர் போனிலேயே அலுவலகத் திரையைத் திறந்து பார்த்தார். பதினான்கு, பச்சை. "சுத்துது அத்தான்" என்று போட்டார்.

மறுநாளும் ஏழு மணி. சுத்துதா? சுத்துது அத்தான். அதற்கு மறுநாளும். வேறு பேச்சே கிடையாது. ஒரு நாள் பஸ்ஸில் நெரிசலில் பதில் போட ஏழரை ஆனது. உடனே போன் வந்தது. "என்ன மாப்ள, நின்னு போச்சா? நான் இன்னும் டீ குடிக்கல." உன் பதில் வந்த பிறகுதான் அடுப்புப் பக்கம் போகிறேன் என்றார். அதிலிருந்து இவர் ஏழு மணிக்கு போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒரு நாளில் அவர் கண் முழித்துச் செய்கிற காரியம் அது ஒன்றுதான் என்று இருந்தது.

இப்படி நாற்பது நாள் ஓடியது. நாற்பத்தொன்றாம் நாள், புதன்கிழமை, மேலாளர் தேதியைச் சொன்னாள். அவரைவிட இருபது வயது சின்னவள், சுறுசுறுப்பானவள்.

"சார், பழைய ரேக்கை வர்ற செவ்வாய்க்கிழமை நிறுத்திடலாம். டிஸ்க் எல்லாத்தையும் அன்னைக்கே அரைக்கிற வண்டிக்காரங்ககிட்ட கொடுத்துடணும். புதுசுல எல்லாம் சிப்தான், சுத்தற சாமானே கிடையாது. இனிமே சத்தமே இருக்காது. உங்க பேரைத்தான் மாத்தணும்."

அவர் விரல் விட்டு எண்ணினார். செவ்வாய் என்றால் நாற்பத்தேழு. இரண்டு நாள் குறைகிறது. இரண்டே நாள் தள்ளிவைக்கக் கேட்கலாம். சும்மா கேட்டால் ஏன் என்பாள். டிஸ்க்குகளின் உடல்நிலைப் பதிவை எடுத்து, இதில் இன்னும் சோதனை பாக்கியிருக்கிறது என்று எதையாவது காட்டலாம். அதற்காகத்தான் பதினோரு மணிக்குப் பதிவைத் திறந்தார். ஒவ்வொரு டிஸ்க்குக்கும் ஒரு வரி. எத்தனை மணி நேரம் மின்சாரத்தில் இருந்தது, எத்தனை மணி நேரம் சுழன்றது.

பதினான்காவது டிஸ்க் அந்த வெள்ளிக்கிழமையிலிருந்து சுழன்றது பன்னிரண்டு மணி நேரம்.

அவர் மறுபடி படித்தார். பிறகு நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு உட்கார்ந்தார்.

யாரும் படிக்காத டிஸ்க்கை இருபது நிமிஷத்தில் தூங்க வைத்துவிடுவது அங்கே வழக்கம். மின்சாரம் மிச்சம். ஞாயிறு மதியம் இரண்டு மணி நேரம் எழுப்பிச் சோதித்துவிட்டு மறுபடி தூங்கப் போட்டுவிடும். ஆறு ஞாயிறு, பன்னிரண்டு மணி நேரம். அந்த ஏற்பாட்டைப் போன வருஷம் செய்தது வேறு யாருமில்லை, அவர்தான். அதற்காக எல்லோர் முன்னாலும் கை தட்டி ஒரு ஃபிளாஸ்க் கொடுத்தார்கள். பச்சை விளக்குக்கு அர்த்தம் டிஸ்க் நன்றாக இருக்கிறது என்பதுதான். சுற்றுகிறது என்பதல்ல. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டிருந்தாலும் அவர் இதைச் சொல்லியிருப்பார். யாரும் தொடாத இடம் என்று தேடிப் பிடித்து வைத்தார். யாரும் தொடாததாலேயே அது நின்றுவிட்டது. ஒரே ஒரு நாள் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து வைத்துக் கேட்டிருந்தால் போதும்.

ஒரு நிமிஷத்துக்கு ஒரு முறை அந்த ஃபைலைப் படி என்று நான்கு வரிக் கட்டளை ஒன்றை எழுதி ஓடவிட்டார். மூன்று நிமிஷ வேலை. உள்ளே போய் டிஸ்க்கின் மேல் விரலை வைத்தார். அதிர்ந்தது. வருத்தம் வருகிறதா என்று நின்று பார்த்தார். கால் மரத்துப்போனால் கிள்ளிப் பார்ப்பது போலத்தான் இருந்தது. கிள்ளுவது தெரிகிறது, வலி தெரியவில்லை.

மறுநாள் ஏழு மணி. சுத்துதா? "சுத்துது அத்தான்." இப்போது அது உண்மை. அனுப்பிய பிறகு மேலே இருக்கிற பழைய பதில்களை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். முப்பத்தொன்பது.

வெள்ளிக்கிழமை மேலாளரிடம் போய் நின்றார்.

"ரேக்கை ரெண்டு நாள் தள்ளி வைக்க முடியுமா மேடம்?"

"ஏன் சார்? ஏதாவது மிச்சமிருக்கா அதுல?"

"என்னோட ஃபைல் ஒண்ணு இருக்கு. எங்க அக்காவோடது."

"எவ்வளவு பெரிசு?"

"ஒரு போட்டோவை விடச் சின்னது."

அவள் சிரித்துவிட்டாள். "அதை எடுத்து வேற எங்கயாவது போட்டுக்கங்க சார். இதுக்குப் போய் ரெண்டு நாளா?"

"அது சுத்தணும் மேடம்."

"என்னது?"

"ஒண்ணுமில்ல."

அவள் அவர் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். "நீங்க ரெண்டு நாள் லீவு எடுத்துக்கங்களேன் சார்" என்றாள்.

சனிக்கிழமை மனைவியிடம் சொன்னார். பல் டாக்டர் க்ளினிக்கில் வரவேற்பில் இருப்பவள். துணி மடித்துக்கொண்டே முழுவதையும் கேட்டாள்.

"இப்ப சுத்துதுல்ல?"

"சுத்துது."

"அப்ப சுத்துதுன்னே போடுங்க. மிச்சம் நாலஞ்சு நாள். முடிஞ்சு போகும்."

"அவர்கிட்ட சொல்லணும்ல."

"எதுக்கு? அவருக்கு வேண்டியது உங்க பதில்தான், அந்த மிஷின் இல்ல. க்ளினிக்ல ஒரு நாளைக்கு நாப்பது பேருக்கு 'வலிக்காது'ன்னு சொல்றேன். எல்லாரும் வாயைத் திறக்கத்தான் செய்யறாங்க."

"எனக்கு அக்கா ஒரே ஒரு வேலைதான் கொடுத்தா."

மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தாள். "சொல்லறதுன்னா நேர்ல போய்ச் சொல்லுங்க. போன்ல சொல்லாதீங்க" என்றாள்.

அன்று மாலையே கடைக்குப் போய், சுழலும் ரகத்தில் ஒரு டிஸ்க் வாங்கினார். அந்த ரகம் எதற்கு என்று கடைக்காரருக்குப் புரியவில்லை. "இது மெதுவா இருக்கும், சத்தம் போடும். இப்ப யாரு சார் இதை வாங்கறா?" என்றார். சத்தம் போடுவதுதான் வேண்டும் என்று இவர் சொன்னார்.

ஞாயிறு காலை அத்தான் கதவைத் திறந்தார். ஷேவ் செய்து பல நாளாகியிருந்தது. மேஜையில் ஒரே ஒரு தட்டு, ஒரே ஒரு டம்ளர். அக்காவின் கைச்சக்கரம் டிவிக்குப் பக்கத்தில் துணி போட்டு மூடியிருந்தது.

"என்ன மாப்ள, ஏழு மணிக்குத்தானே பதில் போட்ட? அதுக்குள்ள நேர்லயும் வந்துட்ட?"

அவர் உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்ல முடியாது என்று தோன்றியது. நின்றபடியே சொன்னார். தூங்கும் ஏற்பாடு, இருபது நிமிஷம், பச்சை விளக்கு, பன்னிரண்டு மணி நேரம், புதன்கிழமை. மெஷின் பழுதுக்கு அறிக்கை எழுதுவது போலவே சொல்லி முடித்தார். குரல் எங்கேயும் தட்டவில்லை. தட்டியிருந்தால் நன்றாயிருக்கும் என்று அவருக்கே பட்டது.

அத்தான் டம்ளரை மேஜையில் கொஞ்சம் நகர்த்தினார். லென்ஸைத் தேய்க்குமுன் கோடு பார்ப்பவர் போல அதையே பார்த்தார்.

"நின்னா, உள்ள எழுதினது அழிஞ்சிடுமா?"

"அழியாது அத்தான். அப்படியேதான் இருக்கும்."

"அவ தட்டினது எல்லாம்?"

"எல்லாம் இருக்கு."

"முப்பத்தொம்பது நாள் நீ சுத்துதுன்னு போட்ட."

"எனக்குத் தெரியாம போட்டது."

"தெரியாமதான். ஆனா போட்ட." "எதுக்கு வந்து சொன்ன? சொல்லாம இருந்திருக்கலாம்ல? வியாழக்கிழமையோட முடிஞ்சிருக்கும். நானும் சரின்னு இருந்திருப்பேன்."

"இருந்திருக்கலாம்."

"பின்ன?"

இவர் மேஜையில் இருந்த ஒற்றை டம்ளரைப் பார்த்தார். "நீங்க ஏழு மணி வரைக்கும் டீ குடிக்காம இருக்கீங்க" என்றார்.

அத்தான் எழுந்து சமையலறைக்குப் போனார். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது, மூடும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தவரின் முகம் ஈரமாக இருந்தது. முகம் கழுவியிருக்கலாம்.

"எனக்கு இதுல நம்பிக்கை கிடையாது. உனக்கே தெரியும்."

"தெரியும்."

"ஆனா நாப்பத்தொம்பதுன்னு அவ சொன்னா நாப்பத்தொம்பதுதான். வண்டி ஒரு நிமிஷம் தாமதமா கிளம்பினாலும் எழுதி வைக்கிறவ. இன்னைக்கு ஒண்ணுன்னு வச்சுக்க. முதல்ல இருந்து வா."

"செவ்வாய்க்கிழமை அங்க நிறுத்திடுவாங்க. அதான்..." பையிலிருந்து புது டிஸ்க்கை எடுத்தார். "இதை இங்கயே வச்சுக்கலாம்."

அக்காவின் பழைய கம்ப்யூட்டர் ஜன்னலோரம் இருந்தது. அதில் மாட்டினார். அக்காவின் போனில் இருந்த ஃபைலை ஏற்றினார். தூங்கும் ஏற்பாட்டை எடுத்துவிட்டார். எடுத்துவிட்டதை மூன்று முறை பார்த்தார். படிக்கும் கட்டளையையும் எழுதினார். அலுவலகத்து இரைச்சல் இல்லாத வீடு. டிஸ்க் எழும்பிச் சுற்ற ஆரம்பித்தபோது மெல்லிசாக ஒரு ரீங்காரம் அறை முழுக்க வந்தது.

"இதான் சத்தமா?" என்றார் அத்தான்.

"இதான்."

அவர் உள்ளங்கையை அதன் மேல் வைத்தார். "பட்டறைல கல்லு சுத்தற மாதிரியே இருக்கே" என்றார். கையை எடுக்கவில்லை. "ராத்திரி தூங்க விடாது போலிருக்கு. சரி, எப்படியும் தூங்கறதில்ல." பிறகு இவர் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "இனிமே நான் மெசேஜ் போட மாட்டேன். இங்கதானே இருக்கு, நானே பாத்துக்கறேன்."

திங்கட்கிழமை ஏழு மணிக்குப் போன் சும்மா இருந்தது. அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு ஏழரை வரைக்கும் உட்கார்ந்திருந்தார். மனைவி பார்த்தாள், பேசாமல் டீயைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

செவ்வாய் பத்து மணிக்கு ரேக்கை நிறுத்தினார்கள். சுவிட்சை அணைத்தது அவர்தான். சுழன்றுகொண்டிருந்தது பதினான்காவது ஒன்றுதான், அதுவும் வேகம் குறைந்து அடங்கியது. "உங்க ஃபைலை எடுத்துட்டீங்களா சார்?" என்று மேலாளர் கேட்டாள். எடுத்துவிட்டேன் என்றார். கீழே அரைக்கிற வண்டி நின்றது. ஒவ்வொன்றாக எண் படித்துக் கொடுக்க வேண்டும், உள்ளே போவதைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்கு. அந்தப் பக்கம் சில்லுச் சில்லாக வந்து விழுந்தது. பதினைந்து என்று படித்தார்.

இருபதைத் தாண்டியபோது சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. அத்தான் செய்தி போடவில்லை. கூப்பிட்டிருந்தார்.

"மாப்ள, இங்க கரண்ட் போயிடுச்சு."

"எப்ப?"

"இப்பதான். நாலு நிமிஷம். வந்துடுச்சு. நான் கடைக்குக் கிளம்பிக்கிட்டிருந்தேன், விளக்கு அணைஞ்சதும் ஓடி வந்து பாத்தேன். நின்னுடுச்சு. கரண்ட் வந்ததும் அதுவா எழும்பி ஓடுது." அவருக்கு மூச்சு வாங்கியது. "நான் சொல்லாம இருந்திருந்தா உனக்குத் தெரியாது. ஆனா நின்னுது. நாலு நிமிஷம் நின்னுது."

"சரி அத்தான்."

"என்ன சரி? இதைச் சொல்லு. இன்னைக்கு மூணா? மறுபடி ஒண்ணா?"

வண்டிக்காரர் கையை நீட்டிக்கொண்டு அடுத்த டிஸ்க்குக்காக நின்றார். இவர் ஒரு விரலைக் காட்டினார், ஒரு நிமிஷம் என்று. இப்படி ஒரு கேள்வியை யாரிடம் கேட்பது என்று யோசித்தார். மையத்தில் கேட்கலாம். அக்காவைக் கேட்கலாம், அவள் இருந்தால். ஒரு வண்டி வழியில் நின்று கிளம்பினால் அவள் என்ன எழுதுவாள் என்று நினைத்துப் பார்த்தார். அவருக்குத் தெரியவில்லை. அவள் எழுதிய முப்பத்திரண்டு வருஷத்தில் ஒருநாளும் அதைக் கேட்டதில்லை.

"மூணு" என்றார்.

"நிச்சயமாத்தானா?"

"மூணுதான் அத்தான். நாளைக்கு நாலு."

அந்தப் பக்கம் ரீங்காரம் மட்டும் கேட்டது. போனை டிஸ்க்குக்குப் பக்கத்தில் பிடித்திருந்தார் போலிருக்கிறது.

"சனிக்கிழமை வந்து ஒரு பேட்டரி மாட்டித் தரேன்" என்றார் இவர்.

"வா. சாப்பிட வா" என்றார் அத்தான். "மதியமே வந்துடு."